குதித்தால்தான் இண்டியானா ஜோன்ஸ்

'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி லாஸ்ட் க்ரூசேட்' திரைப்படம் 127 நிமிடம் ஓடுகிறது. நொடிக்கு 24 சட்டகம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,82,880 படங்கள். ஒவ்வொரு படத்தையும் நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயின் திரைக்கு ஏற்றபடி 160க்கு 144 புள்ளிகளாகச் சிறிதாக்கி, நிறங்களை நீக்கி, நான்கே சாயல்களில் வரைந்துகொண்டாலும் ஒரு படத்துக்கு 5,760 பைட் தேவை. அந்த நாளில் கேம் பாய்க்கு வந்த கேட்ரிட்ஜ்களில் பலவற்றின் கொள்ளளவு 128 கிலோபைட். வகுத்துப் பாருங்கள்: 22 படங்கள்தான் வருகின்றன. திரைப்படத்தின் ஒரு நொடிகூட முழுதாக அதற்குள் அடங்காது.

ஆனாலும் 1994இல் அந்தத் திரைப்படம் விளையாட்டாகக் கேம் பாய்க்கு வந்தது. குகை, ஓடும் சர்க்கஸ் ரயில், கோட்டை, செப்பெலின் வான்கப்பல், கடைசியில் நாயகன் தேடிப்போகும் புனிதக் கிண்ணம் இருக்கும் கோயில் என்று படத்தின் முக்கிய இடங்கள் எல்லாம் சட்டைப்பையில் திணிக்கக்கூடிய கருவிக்குள் இருந்தன. தொப்பி வைத்த ஒரு சின்ன உருவம் அவற்றின் ஊடே ஓடியது, ஏறியது, சாட்டையை வீசியது, எல்லாவற்றுக்கும் மேலாகக் குதித்தது. ஒரு நொடிப் படத்துக்கே இடமில்லாத பெட்டியில் இவ்வளவும் எப்படி வந்தன? அதன் விடை கணக்கில் இருக்கிறது. மிக எளிய, மிக அழகான கணக்கு அது.

படம் அமெரிக்காவில் வெளியானது 1989 மே 24. ஸ்டீவன் ஸ்பீல்பர்க் இயக்கம், ஹாரிசன் ஃபோர்டு நாயகன், ஷான் கானரி அவருக்குத் தந்தை. அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்றுதான் ஜப்பானில் கேம் பாய் கடைக்கு வந்திருந்தது. படத்தை வைத்து அந்த ஆண்டே இரண்டு வேறு வேறு விளையாட்டுகள் உருவாயின. ஒன்றை லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் ரான் கில்பர்ட், டேவிட் ஃபாக்ஸ், நோவா ஃபால்ஸ்டீன் ஆகியோர் வடிவமைத்தார்கள். அது பேசிப் பேசி, யோசித்து, புதிர்களை விடுவித்து நகரும் விளையாட்டு. படத்தில் வரும் தந்தையின் கிண்ணக் குறிப்பேட்டையே அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். மற்றொன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த டியர்டெக்ஸ் குழு வீட்டுக் கணினிகளுக்காக எழுதி, யு.எஸ். கோல்ட் வெளியிட்ட ஓட்டத் தாவல் விளையாட்டு. பல கருவிகளுக்கு மாறி மாறிச் சென்ற இந்த இரண்டாவது விளையாட்டைத்தான் ஐந்து ஆண்டு கழித்து யூபிசாஃப்ட் கேம் பாய்க்குக் கொண்டுவந்தது.

ஒரே படத்திலிருந்து இருவரும் எடுத்துக்கொண்டது வேறு வேறு. லூகாஸ்ஃபிலிம் குழு அந்த மனிதரின் மூளையை எடுத்துக்கொண்டது; டியர்டெக்ஸ் அவருடைய கால்களை எடுத்துக்கொண்டது. சிறிய கருவிக்குள் நுழைய முடிந்தது கால்களால்தான். உரையாடலுக்கு எழுத்து வேண்டும், எழுத்துக்கு இடம் வேண்டும், முகபாவத்துக்குப் பெரிய படம் வேண்டும். குதிப்பதற்கோ சில பைட்டுகள் போதும்.

இந்த நாயகனுக்கும் தாவல் விளையாட்டுக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தையது. இண்டியானா ஜோன்ஸின் முதல் படம் 1981 ஜூனில் வந்தது. அடுத்த மாதமே நிண்டெண்டோவின் 'டாங்கி காங்' வந்து, தளம் தளமாக ஏறித் தாவும் விளையாட்டுக்கு அடித்தளம் போட்டது. 1982இல் டேவிட் க்ரேன் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக எழுதிய 'பிட்ஃபால்' விளையாட்டில் காடு, கொடி, முதலை, புதையல் எல்லாம் இருந்தன. சாகசப் படத்தின் உணர்வை அப்படியே கைக்குக் கொண்டுவந்த முதல் விளையாட்டுகளில் ஒன்று என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

பிட்ஃபாலில் 255 காட்சிகள். அது ஓடிய அட்டாரி 2600 கருவியின் ராம் நினைவகம் 128 பைட். கேட்ரிட்ஜ் 4 கிலோபைட். 255 காட்சிகளை அதில் சேமிக்க வழியே இல்லை. க்ரேன் சேமிக்கவில்லை. எட்டு பிட் கொண்ட ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டார். ஆட்டக்காரர் அடுத்த காட்சிக்குப் போகும்போது க்ரேனின் நிரல் அந்த எட்டு பிட்டையும் ஓரிடம் நகர்த்தும். குறிப்பிட்ட சில பிட்டுகளில் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து, காலியான இடத்தில் ஒன்றையோ சுழியையோ போடும். சரியான பிட்டுகளைத் தேர்ந்தெடுத்தால் இந்த எண் சுழியைத் தவிர எல்லா மதிப்புகளையும் ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும். எட்டு பிட்டுக்கு 256 மதிப்பு. சுழி போக 255. காட்சியில் மரம் எங்கே, குழி இருக்கிறதா, கொடி தொங்குகிறதா என்பதை எல்லாம் அந்த எண்ணின் பிட்டுகளே தீர்மானித்தன. கணக்கைப் பின்னோக்கிச் செய்தால் இடப்பக்கக் காட்சி வரும். ஒரு காட்டையே ஒரு பைட்டில் ஒளித்து வைத்த இந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பு குறைவதில்லை.

கேம் பாய் அவ்வளவு வறிய கருவி அல்ல. ஆனால் செழிப்பானதும் அல்ல. அதை உருவாக்கிய நிண்டெண்டோ பொறியாளர் குன்பெய் யோகோயி, பழகித் தேய்ந்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். அதனால்தான் வண்ணத் திரையும் பின்னொளியும் வேண்டாம் என்று ஒதுக்கி, நான்கு பென் டார்ச் பேட்டரியில் நீண்ட நேரம் ஓடும் கருவியைக் கொடுத்தார். உள்ளே 4.19 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 8 கிலோபைட் பணி நினைவகம், படத்துக்கென்று தனியாக இன்னொரு 8 கிலோபைட். அந்த ப்ராசஸருக்குப் பெருக்கவும் வகுக்கவும் கட்டளைகளே கிடையாது. கூட்டல், கழித்தல், பிட்டுகளை நகர்த்தல் ஆகியவற்றை வைத்துத்தான் எல்லாம் செய்ய வேண்டும்.

படங்களுக்கு இடமில்லாத சிக்கலை இந்தக் கருவி தீர்க்கும் விதம், துணியில் மர அச்சு குத்துவதை ஒத்தது. முழுப் படத்தை அது எங்கும் வைத்திருப்பதில்லை. எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களை, அதாவது டைல்களை, மட்டும் வைத்திருக்கிறது. ஒரு டைலுக்கு 16 பைட். பாறையின் விளிம்புக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று, கயிற்றுக்கு ஒன்று, ரயில் பெட்டியின் மரப்பலகைக்கு ஒன்று. எந்த இடத்தில் எந்த டைல் என்று சொல்லும் எண்களின் பட்டியல்தான் வரைபடம். திரை முழுவதையும் நிரப்ப 20க்கு 18, ஆக 360 எண்கள் போதும். பத்துத் திரை அகலமுள்ள ஒரு குகைக்கு 3,600 பைட். புள்ளி புள்ளியாக வைத்தால் அதே குகைக்கு 57,600 பைட் ஆகியிருக்கும். நான்கு டைல்களைச் சேர்த்து ஒரு கட்டாக்கி அந்தக் கட்டுகளுக்கு எண் கொடுத்தால் 3,600 என்பது 900 ஆகக் குறையும். சினிமாவின் ஒரு நொடியை விழுங்க முடியாத கேட்ரிட்ஜுக்குள் பல குகைகள் தாராளமாக அமர்ந்துகொள்ளும்.

நாயகன் ஓட ஓடப் பின்னணி நகர வேண்டுமே? நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறைக்கும் இடையில் ப்ராசஸருக்குக் கிடைப்பது 17,556 சுற்று. மிக எளிய கட்டளைக்கே ஒரு சுற்று செலவாகும். 23,040 புள்ளிகளையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய நினைத்தால் ஒரு புள்ளிக்கு ஒரு சுற்றுகூட மிஞ்சாது. ஆகவே யாரும் வரைவதில்லை. படநினைவகத்தில் 32க்கு 32 டைல் அளவில் ஒரு பெரிய பரப்பு இருக்கிறது. திரை அதன்மேல் நகரும் ஒரு சன்னல் மட்டுமே. சன்னலை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்த ஒரே ஒரு பைட்டை மாற்றினால் போதும். எட்டுப் புள்ளிகள் நகர்ந்த பிறகு, வலது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புதிய டைல் எண்களை ஒரு வரிசை எழுதிவைக்க வேண்டும். பரப்பின் விளிம்பைத் தாண்டினால் சன்னல் மறுபக்கத்தில் நுழைந்துவிடும். முடிவில்லாத குகை என்று நாம் நினைப்பது, முன்னால் எழுதிக்கொண்டும் பின்னால் அழித்துக்கொண்டும் சுழலும் ஒரு சிறு வளையம்.

அதையும் நினைத்த நேரத்தில் எழுத முடியாது. திரையில் ஒரு வரி வரையப்படும்போது படநினைவகம் பூட்டப்பட்டிருக்கும். 144 வரிகளும் முடிந்து அடுத்த சட்டகம் தொடங்கும் முன் வரும் சிறு இடைவெளியில், 1,140 சுற்றுக்குள், பெரும்பாலான வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிநொடியைவிடச் சற்றே அதிகமான நேரம்.

ஓடும் மனிதர்களும் பறக்கும் கத்திகளும் பின்னணியோடு சேராதவை. அவற்றை ஸ்ப்ரைட் என்பார்கள். கேம் பாய் ஒரே நேரத்தில் 40 ஸ்ப்ரைட்டுகளைக் காட்டும், ஆனால் ஒரு கிடைவரியில் பத்துக்கு மேல் காட்டாது. 16 புள்ளி அகலமுள்ள ஒரு மனிதனுக்கு ஒரு வரியில் இரண்டு ஸ்ப்ரைட் வேண்டும். நாயகனும் நான்கு எதிரிகளும் ஒரே மட்டத்தில் நின்றால் கணக்கு முடிந்தது. ஆறாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் மறைந்துபோவார். அதனால் நிரல் எழுதுபவர்கள் வரிசையை ஒவ்வொரு சட்டகத்திலும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். யாரும் முழுதாக மறையாமல் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் மினுக்குவார்கள். பழைய விளையாட்டுகளில் கூட்டம் சேர்ந்தால் உருவங்கள் துடிப்பதன் காரணம் இதுதான்.

இனி குதிப்புக்கு வருவோம். என்னைக் கேட்டால் முழு விளையாட்டின் உயிரும் இங்கேதான் இருக்கிறது.

குதிக்கும் உருவத்துக்கு இரண்டு எண்கள் போதும்: எந்த உயரத்தில் இருக்கிறது, எந்த வேகத்தில் மேலே போகிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் உயரத்தோடு வேகத்தைக் கூட்ட வேண்டும். பிறகு வேகத்திலிருந்து ஒரு சிறு மாறாத எண்ணைக் கழிக்க வேண்டும். அந்தச் சிறு எண்தான் ஈர்ப்பு. பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை. கலிலியோ சொன்ன சீரான முடுக்கம், மேலே எறிந்த பொருள் வரையும் பரவளையம், இரண்டுமே இந்த இரு கணக்குகளுக்குள் வந்துவிடுகின்றன. பின்னங்களைக் கையாளத் தெரியாத ப்ராசஸருக்காக ஓர் எண்ணை இரண்டு பைட்டில் வைப்பார்கள்: ஒன்றில் முழுப் புள்ளிகள், மற்றதில் புள்ளியின் 256இல் ஒரு பங்குகள்.

உதாரணத்துக்கு ஒரு குதிப்பைக் கட்டுவோம். தொடக்க வேகம் சட்டகத்துக்கு 4 புள்ளி, ஈர்ப்பு கால் புள்ளி. 16 சட்டகத்தில் வேகம் சுழியாகிறது. அதற்குள் உருவம் ஏறக்குறைய 32 புள்ளி உயர்ந்திருக்கும். இறங்க இன்னொரு 16. மொத்தம் அரை நொடிக்குச் சற்று அதிகம். ஓடும் வேகம் சட்டகத்துக்கு ஒன்றரைப் புள்ளி என்றால் அதற்குள் 48 புள்ளி கடந்திருக்கும். அதாவது ஆறு டைல். ஐந்து டைல் குழியைத் தாண்டலாம், ஏழு டைல் குழியில் விழுவோம் என்பது இப்போது தெரிந்துவிட்டது. தளங்களை அமைப்பவருக்கு இதுவே முதல் அளவுகோல்.

இதை நம் உலகத்து அளவுக்கு மாற்றிப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. 32 புள்ளி உயர உருவம் 1.8 மீட்டர் மனிதன் என்று கொள்வோம். அப்படியானால் அவன் ஓடுவது நொடிக்கு 5 மீட்டர். நல்ல ஓட்டம், ஆனால் மனிதனால் முடிந்ததே. மேலே குதிப்பதோ தன் முழு உயரத்துக்கு. தரையை விட்டுக் கிளம்பும்போது வேகம் நொடிக்கு 13 மீட்டருக்கு மேல். அவனைக் கீழே இழுக்கும் ஈர்ப்பு நொடிக்கு நொடி சுமார் 50 மீட்டர், பூமியில் நாம் உணர்வதைப்போல் ஐந்து மடங்கு. வியாழன் கோளின் மேற்பரப்பு ஈர்ப்புகூட பூமியைப்போல் இரண்டரை மடங்குதான்.

ஏன் இந்தக் கனத்த உலகம்? பூமியின் ஈர்ப்பையே வைத்துக்கொண்டு அதே உயரத்துக்குக் குதித்தால் தரைக்குத் திரும்ப 1.2 நொடி ஆகும். அந்த நேரம் முழுவதும் ஆட்டக்காரர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் உடல் பதில் சொல்ல வேண்டும், உடனே தரைக்கும் வர வேண்டும். கைக்கு உண்மையாகப் படுவது கணக்கின் உண்மையிலிருந்து விலகித்தான் கிடைக்கிறது. சினிமாவிலும் இதே விலகல் உண்டு. அங்கே படத்தொகுப்பாளரின் கத்தரி அந்த வேலையைச் செய்கிறது.

சாட்டையைக் கம்பத்தில் சுற்றி ஊஞ்சலாடுவதற்கு மட்டும் கூட்டல் போதாது. ஊசலின் கோணத்துக்கு சைன் மதிப்பு வேண்டும். இத்தகைய கருவிகளில் அதை முன்கூட்டியே கணக்கிட்டு ஓர் அட்டவணையாக எழுதிவைத்து, தேவைப்படும்போது எடுத்துப் படிப்பார்கள்.

குதித்தவன் எங்கே நிற்கிறான்? பாதத்தின் இருப்பிடத்தை எட்டால் வகுத்தால் எந்த டைல்மேல் என்று தெரியும். எட்டால் வகுப்பது பிட்டுகளை மூன்று இடம் நகர்த்துவதுதான். டைலை எட்டுப் புள்ளியாக வைத்ததன் பலன் இங்கே கிடைக்கிறது. பிறகு ஓர் அட்டவணையைப் பார்க்க வேண்டும்: இந்த டைல் கெட்டியானதா, வெறுங்காற்றா, ஏணியா, முள்ளா? கவனியுங்கள், டைலின் படம் ஒரு பட்டியலில் இருக்கிறது, அதன் தன்மை இன்னொரு பட்டியலில். கண்ணுக்குப் பாறையாகத் தெரிவதைக் காற்றாக்கலாம். வெறும் இருட்டாகத் தெரிவதைக் கல்லாக்கலாம். ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

படத்தின் உச்சகட்டக் காட்சியை நினைத்துப் பாருங்கள். குண்டடிபட்டுத் தந்தை கிடக்கிறார். கிண்ணத்தை அடைய மகன் மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும். இரண்டாவதில் எழுத்து பொறித்த கற்கள் தரையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. சரியான எழுத்தில் கால் வைத்தால் கல் தாங்கும், தவறினால் உடைந்து பாதாளம். மூன்றாவதில் அகன்ற பிளவு ஒன்று, தாண்டவே முடியாத தூரம். அவர் காலை வெறும் காற்றில் எடுத்து வைக்கிறார். கால் கல்லில் பதிகிறது. எதிர்ப்பாறையின் கோடுகளோடு கலந்துபோகும்படி அமைந்த பாலம் அங்கே முன்பே இருக்கிறது. பார்வைக் கோணம் மாறும்போதுதான் நமக்கு அது தெரிகிறது. ஒரு பிடி மண்ணை அவர் அதன்மேல் தூவுகிறார். இந்த இரண்டு சோதனைகளும் தாவல் விளையாட்டின் அடிப்படை விதியைத்தான் கேள்வி கேட்கின்றன: தெரிவதும் தாங்குவதும் ஒன்றா? இந்தப் படம் தாவல் விளையாட்டுக்கென்றே பிறந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் விளையாட்டில் அந்த விதியை மீறுவதற்கு ஒரு விலை உண்டு. படத்தில் நாயகன் ஒரு முறைதான் காற்றில் கால் வைக்கிறார், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விளையாட்டில் கால் நம்முடையது. கண்ணால் பார்த்ததை நம்பித்தான் ஒவ்வொரு முறையும் குதிக்கிறோம். வீட்டுக் கணினிகளின் 320க்கு 200 புள்ளித் திரைக்கென்று வரைந்த காட்சிகளைக் கேம் பாயின் சிறு திரைக்குக் கொண்டுவந்த பல விளையாட்டுகளில் இந்த நம்பிக்கை உடைந்தது. உருவத்தைச் சிறிதாக்கினால் யாரென்று தெரியாது. அதே அளவில் விட்டால் முன்னால் தெரியும் தூரம் பாதியாகக் குறையும். அடுத்த தளம் திரைக்கு வெளியே இருக்கும், அங்கே ஏதோ இருக்கிறது என்று நம்பிக் குதிக்க வேண்டும். படத்தில் வீரமாக இருந்தது கையில் தண்டனையானது. வடிவமைப்பின் குறை இது; கருவியின் குறை என்று நான் ஒப்பமாட்டேன். அதே கருவிக்கென்றே அளவெடுத்துத் தளங்களை அமைத்த விளையாட்டுகள் அதே 160 புள்ளி அகலத்தில் நியாயமாக நடந்துகொண்டன.

திரையும் தன் பங்குக்குத் தொல்லை தந்தது. கேம் பாயின் திரவப் படிகங்கள் மெதுவாகத்தான் திரும்பும். வேகமாக ஓடும் உருவத்தின் பின்னால் நிழல்போல ஒரு கறை இழுபடும். குகையின் பாறை வேலைப்பாட்டை ஆசையாக அடர்த்தியாக வரைந்தால், நகரும்போது எல்லாம் ஒரே சாம்பலாகக் கலங்கிவிடும். வெளிர் பின்னணியும் கருத்த விளிம்புக் கோடும் கொண்ட விளையாட்டுகள் இன்றும் தெளிவாக இருப்பது இந்தக் குறையைப் புரிந்துகொண்டு வரைந்ததால்தான். ஒலிக்கு நான்கு தடங்கள்: இரண்டு சதுர அலை, 32 மாதிரிகளில் வரைந்துகொள்ளும் அலை ஒன்று, இரைச்சல் ஒன்று. ஒரு முழு இசைக்குழுவுக்கென எழுதிய மெட்டை இதில் வாசிக்க வேண்டுமானால், சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக உதிர்ப்பார்கள்; காது அவற்றைச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளும்.

திரைப்படத்திலிருந்து வந்த விளையாட்டுகளுக்கு நல்ல பெயர் கிடையாது. படம் வரும் நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரமும், ஒரே விளையாட்டைப் பத்துக் கருவிகளுக்குப் பெயர்த்த அலுப்பும் பலவற்றைக் கெடுத்தன. அந்த விமர்சனம் நியாயமானதே. ஆனாலும் அவற்றை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுவது பிழை. கதையில் எது எஞ்சினால் அது இன்னும் அந்தக் கதையாகவே இருக்கும் என்ற கேள்விக்கு 128 கிலோபைட்டில் பதில் தேடியவர்கள் அவற்றின் ஆசிரியர்கள்.

பள்ளிகளில் இயற்பியலும் கணினியும் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தடையின்றி விழும் பொருளின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் வகுப்பில், ஸ்க்ராட்ச் போன்ற இலவச மென்பொருளில் ஒரு சதுரத்தைக் குதிக்க வையுங்கள். உயரத்துக்கு ஒரு மாறி, வேகத்துக்கு ஒரு மாறி, ஒரு கூட்டல், ஒரு கழித்தல். ஈர்ப்பின் மதிப்பை மாணவர்களே மாற்றிப் பார்க்கட்டும்: நிலவுக்கு ஒன்று, பூமிக்கு ஒன்று, இண்டியானா ஜோன்ஸுக்கு ஒன்று. ஒரே பீரியடில் முடித்துவிடலாம்.